நான் சொன்ன அரசாங்க விதி

சுங்கை பட்டாணியில் அந்த மண்டபத்துக் குளிர்சாதனம் எலும்பு வரைக்கும் இறங்கியது. புதுக் கம்பள வாடை. சனிக்கிழமை மத்தியானம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே பெண்கள் முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முன்வரிசையில் முனியாண்டி அண்ணன் இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அவர் நாற்காலியின் முதுகில் ‘விருந்தினர்’ என்று அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியது நான்தான்.

மேடையில் ஓர் இளைஞன் இயேசுவின் கன்னத்தில் முத்தமிட்டான். விளக்குகள் சிவப்பாக மாறின. பின்திரையில் இடி இடித்தது. மண்டபமே கைதட்டியது.

முனியாண்டி அண்ணனும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்குப் பக்கமாக அந்த முத்தத்தைக் கொடுத்துவந்தவர் அவர். அன்றைக்கு அவரை மேடைக்குக் கீழே உட்கார வைத்தவள் நான்.

யூதாஸுக்கு ஆள் இல்லாத ஊர்

கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்காக இரண்டு வரி. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் நாங்கள் போடுவது பாடுகள் நாடகம். இயேசு பிடிபட்டு, அடிபட்டு, சிலுவையில் சாகிற கதை. கூடவே இருந்த சீடன் யூதாஸ் முப்பது வெள்ளிக்காசு வாங்கிக்கொண்டு, காவலருக்கு அடையாளம் காட்டுவதற்காக அவர் கன்னத்தில் முத்தமிடுவான். அந்த முத்தம்தான் காட்டிக்கொடுத்தல்.

பீடோங் பக்கம் எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் இந்த நாடகத்துக்கு இயேசுவாக நடிக்க நான், நீ என்று அடிதடி நடக்கும். தலைமைச் சீடர் பேதுருவுக்கும் ஆள் உண்டு. சிலுவையில் தொங்கும் நல்ல கள்ளனுக்குக்கூட மூன்று பேர் பெயர் கொடுப்பார்கள். யூதாஸ் என்றதும் எல்லாருக்கும் முதுகு வலி வந்துவிடும்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வருஷம் யூதாஸாக நடித்தவர் அடுத்த மாதமே மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர் குடித்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் பழி யூதாஸ் மேல் விழுந்தது.

அந்தச் சமயத்தில் முன்வந்தவர்தான் முனியாண்டி அண்ணன். செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் ஆலைக்கு ஓட்டுகிற லாரிக்காரர். எங்கள் வேதத்துக்காரர் இல்லை. அவர் மனைவி பிலோமினா அக்கா எங்கள் வேதம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அக்காவை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் அதன் மேலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பூசை முடியும்வரை அதே பக்கம்தான் விரிந்திருக்கும்.

“நான் செய்றேன்லா. ஒங்க ஏசு லிஸ்ட்ல என் பேரே இல்ல, என்மேல எதுக்குக் கோவப்படப் போறாரு,” என்றார்.

அதோடு அது அவர் வேடமாகிவிட்டது. தவக்காலம் முழுக்கத் தோட்டமே அவரை யூதாஸ் என்றுதான் கூப்பிடும். “யூதாஸண்ணே, அந்த முப்பது காசுல எங்களுக்கும் ஒரு தே வாங்கிக் குடுங்க,” என்று ஒட்டுக்கடையில் சீண்டுவார்கள். தேநீர் வாங்கியும் கொடுப்பார்.

மூன்று அடி

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒத்திகையில் எல்லாம் செய்வார். பணப்பையை வாங்குவார், திரும்பிப் பார்ப்பார், ஒலிவத் தோட்டத்துக்குள் காவலரைக் கூட்டிக்கொண்டு வருவார். இயேசுவுக்கு மூன்று அடி தூரத்தில் நின்றுவிடுவார். முத்தத்தை மட்டும் ஒத்திகை பார்க்க மாட்டார்.

“அத அன்னிக்கு ஒரு தடவதான் செய்யணும். பழகிப் பழகிச் செய்ற காரியமா அது?” என்பார்.

நாடகத்தை நடத்திய சேவியர் மாஸ்டரும் முதல் இரண்டு வருஷம் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். காரணம், அந்த நாளில் முனியாண்டி அண்ணன் அந்த மூன்று அடியை நடக்கும்போது பார்க்கவேண்டும். போகலாமா, திரும்பிவிடலாமா என்று அவருக்கே தெரியாத நடை. கீழே உட்கார்ந்திருக்கிற கிழவிகள் “வேணாம்யா, போகாதய்யா” என்று வாய்விட்டுக் கெஞ்சுவார்கள். முத்தமிட்டதும் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து நானும் பலமுறை அழுதிருக்கிறேன்.

பிலோமினா அக்கா சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனார். அதன் பிறகு அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலுக்கு வரக் காரணம் இல்லாமல் போயிற்று. தவக்காலத்தில் மட்டும் வருவார். யூதாஸ் வேடத்துக்கு அக்கா தைத்துக் கொடுத்த மஞ்சள் போர்வையைத் துவைத்து மடித்து, ஒரு பையில் எடுத்துக்கொண்டு முதல் ஒத்திகைக்கே வந்து நிற்பார். அந்த ஆறு வாரம்தான் எங்களோடு அவருக்கு மிச்சமிருந்த உறவு.

அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத எனக்கு வழியில்லை.

நாங்களும் ஒரு தொழில்துறை

வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த கதையை இந்தப் பத்தியில் மூன்று வாரம் முன்னால் எழுதியிருந்தேன். யான் ஊரிலிருந்து ஒரு வாசகி, “அதற்குப் பிறகு ஊர்ப் பாரமெல்லாம் உங்கள் தலையில் விழுந்திருக்குமே” என்று கேட்டிருந்தார். விழுந்ததுதான். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் நான், வீட்டு மனு என்றால் நான், பள்ளிக்கூட உதவி என்றால் நான். மலாய் நன்றாக எழுதுவேன் என்பது என் பெருமை. அந்தப் பெருமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கலை, பண்பாடு, படைப்புத் தொழில்துறைக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது, சமூக நாடகக் குழுக்களும் விண்ணப்பிக்கலாம் என்ற செய்தி எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் வந்ததும், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றுவரை நாங்கள் செய்துவந்தது ஒரு தொழில்துறை என்றே எங்களுக்குத் தெரியாது.

கணினியில் விண்ணப்பப் பாரத்தைத் திறந்தால் கேள்விகள் வரிசையாக வந்தன. உங்கள் படைப்பின் சந்தை எது? எத்தனை வேலைவாய்ப்புகள் உருவாகும்? பன்னிரண்டு சீடர்களையும் வேலைவாய்ப்பில் சேர்க்கலாமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். “பதினொண்ணு போடு. ஒருத்தன் பாதியிலயே போயிடுவான்,” என்றார் அவர்.

‘ஒரு நண்பனின் துரோகத்தைச் சொல்லும் தோட்டத்து மக்கள் நாடகம்’ என்று எழுதினேன். கோலாலம்பூரிலிருந்து பயிற்றுநர், முறையான ஒலி, ஒளி, நகரத்து மண்டபம், ஒத்திகைகளின் காணொளியோடு முன்னேற்ற அறிக்கை என்றெல்லாம் அடுக்கினேன். எழுத எழுத எனக்கே அந்த நாடகத்தைப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

கிடைத்தது. கடிதத்தை மாஸ்டர் கோயிலில் வாசித்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தகரக் கூரையும் வாடகை ஒலிபெருக்கியுமாக இருந்த எங்களை அரசாங்கம் திரும்பிப் பார்த்துவிட்டது. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. அந்தப் பணம் எங்களுக்கு நல்லதும் செய்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

காணொளிக்கு ஒரு முத்தம்

பயிற்றுநராக வந்தவர் தினேஷ் என்கிற இளைஞர். திறமைசாலி. சனி, ஞாயிறுகளில் கோலாலம்பூரிலிருந்து வருவார், களைப்பைக் காட்டமாட்டார். எங்கள் பேதுருவுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர் வந்துதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஒத்திகையைப் படம் பிடித்தார்கள். முனியாண்டி அண்ணன் வந்து மூன்று அடியில் நின்றார்.

“அங்கிள், கன்டினியூ பண்ணுங்க,” என்றார் தினேஷ்.

“அன்னிக்குச் செஞ்சிடுவேன் தம்பி.”

“இதுதானே அங்கிள் கிளைமாக்ஸ். லைட் மார்க் பண்ணணும், ரெக்கார்ட் பண்ணி ஆபீஸுக்கு அனுப்பணும்.”

“அன்னிக்குக் கண்டிப்பாச் செய்வேன் தம்பி. இன்னிக்கு வேணாம்.”

அடுத்த வாரமும் அதுவே நடந்தது. அறிக்கை அனுப்பவேண்டிய நாள் நெருங்கியது. தினேஷ் என்னைத் தனியே கூப்பிட்டார். “ஆன்ட்டி, அங்கிள் பண்ணலேன்னா ரவினை வெச்சுப் பண்ணிடலாம். அவன் டிரெயினிங் எடுத்தவன். நீங்க முடிவு பண்ணுங்க.” ரவின் கல்லூரி மாணவன், கூட்டக் காட்சியில் நடித்துக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த மூன்று அடி என்ன என்று தினேஷுக்குச் சொல்லியிருந்தால், அவர் புரிந்துகொள்ளாத ஆள் இல்லை. அறிக்கையில் இரண்டு வரி எழுதியிருந்தாலும் போதும். ஊருக்கெல்லாம் மலாயில் எழுதிக் கொடுக்கிறவளுக்கு அந்த இரண்டு வரி வரவில்லை.

மானியம் போய்விடுமோ என்ற பயம் ஒன்று. இன்னொன்றையும் சொல்கிறேன், கேவலமாகத்தான் இருக்கும். அந்த நிறம்போன மஞ்சள் போர்வையும், லாரி ஓட்டிக் கரகரத்த அந்தக் குரலும் என் புது மேடைக்கு ஒட்டாது என்று எனக்கே உள்ளுக்குள் பட்டிருந்தது.

மாஸ்டரிடம் போனேன். “நீயே பேசும்மா. ஒன் பேச்சத்தான் அவரு கேப்பாரு,” என்று நழுவிவிட்டார்.

தராசு மேடையில்

எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாருக்காவது முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவேண்டி வந்தால், கவர்மெண்டைக் கைகாட்டி விடுவோம். கல்யாணத்துக்கு மண்டபம் கொடுக்கப் பிடிக்கவில்லையா, கவர்மெண்ட் ரூல். சங்கத்தில் சேர்க்க மனமில்லையா, கவர்மெண்ட் ரூல். சொன்னவர்மேல் வருத்தம் வராது. கவர்மெண்டோடு யார் போய்ச் சண்டை போடுவது?

ஆலை வாசலில் லாரிகளை எடை போடும் தராசு மேடைக்குப் பக்கத்தில் அவர் லாரி வரிசையில் நின்றது. புளித்த செம்பனை வாடை. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அண்ணே, இந்த வருஷம் கொஞ்சம் பிரச்சனைண்ணே. கவர்மெண்ட் ரூல். கோயில்ல பேர் பதிஞ்சவங்கதான் நடிக்கணுமாம்.”

ரவினின் பெயர் பதிந்திருந்தது. அதனால் அந்தப் பொய் எனக்குத் தோதாக இருந்தது. எத்தனையோ பொய் இருக்க, அவரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற பொய்யைத் தேடி எடுத்தேன்.

அவர் கையிலிருந்த துண்டை மடித்தார். அப்புறம், “பிலோமினா பேரு இருக்கேம்மா. அது பத்தாதா?” என்றார்.

“உயிரோட இருக்கிறவங்க பேரு வேணுமாம்ண்ணே.”

இதை நான்தான் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன்.

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. “செரி தங்கச்சி. ரூலுன்னா ரூலுதானே. ஒனக்கு எதுக்குச் சங்கடம்,” என்று சொல்லி, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அப்படித்தான் அந்தக் குளிர்ந்த மண்டபத்தின் முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன். நாடகம் முடிந்து அதிகாரிகளோடு எல்லாரும் படம் எடுத்துக்கொண்டபோது, அவர் ஓரமாகக் காத்திருந்து என்னிடம் வந்தார்.

“நல்லா இருந்துச்சு தங்கச்சி. எல்லாம் ஒன் ஒழப்பு,” என்றார்.

நான் மகிழ்ந்துபோனேன்.

அலோர் ஸ்டாரில் கேட்டது

அடுத்த வருஷம் மானியத்தைப் புதுப்பிக்க அலோர் ஸ்டாருக்குக் கூப்பிட்டார்கள். ரவின் படிப்பு முடிந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். யூதாஸுக்கு மறுபடியும் ஆள் இல்லை. முனியாண்டி அண்ணனையே கேட்டுவிடலாம், இந்தத் தடவை ரூல் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் மாஸ்டரும் பேசி வைத்திருந்தோம். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் தயாராக இருந்தது.

எங்கள் கோப்பைப் பார்த்த அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மா. நிதானமாகப் பேசுவார். தட்டில் கூஏ பலகாரம் வைத்து, சாப்பிடுங்கள் சாப்பிடுங்கள் என்று மூன்று முறை சொன்னார். வேலையெல்லாம் முடிந்து நான் எழுந்தபோது, “அந்த லாரி ஓட்டுகிற பெரியவர் நலமா?” என்று கேட்டார்.

எந்தப் பெரியவர் என்றேன்.

“போன வருஷம் உங்கள் நாடகத்துக்கு முன்னால் இங்கே வந்தாரே. இறந்துபோன மனைவியின் ஞானஸ்நானச் சீட்டையும் கல்யாணச் சான்றிதழையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். இதை வைத்து என் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படி ஒரு விதியே கிடையாது, நாங்கள் யாரிடமும் மதம் கேட்பதில்லை, யார் நடிப்பது என்பது குழுவின் முடிவு என்று சொன்னேன். அதற்கப்புறம் நடித்தார்தானே?”

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

“குழுவுக்கு நானே தொலைபேசியில் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்த தங்கை ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறாள், அவளுக்கு இதனால் எதுவும் வந்துவிடக்கூடாது என்றார். நல்ல மனிதர்.”

பேருந்து நிலையத்தில் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாடகத்துக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்தார். தெரிந்துகொண்டுதான் கைதட்டினார். எல்லாம் உன் உழைப்பு என்று என்னிடம் சொல்லும்போதும் அவருக்குத் தெரியும்.

தஞ்சோங் டாவாய்

முனியாண்டி அண்ணன் இப்போது இல்லை. போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். அலோர் ஸ்டாரிலிருந்து வந்த பிறகு நான் அவரை உயிரோடு பார்த்தது ஒரே ஒரு தடவை.

அப்போது அவர் லாரியை விட்டுவிட்டு, தஞ்சோங் டாவாயில் மகள் வீட்டில் இருந்தார். படகுத்துறைக்குப் பின்னால் சின்ன வாடகை வீடு. மகள் நெத்திலி காயப்போடும் இடத்தில் வேலை. வீதி முழுக்க உப்பும் மீனும் வெயிலில் காய்கிற வாடை. போகும்போது மனசுக்குள் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் மன்னிப்பு. அப்புறம், வந்து நடியுங்கள் அண்ணே.

தகரச் சாய்ப்பின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார். “பசியாறிட்டியா தங்கச்சி?” என்று கேட்டு, உள்ளே போய் அவரே தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். கோயில் கூரை மாற்றியாயிற்றா என்று கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“அண்ணே, நான் அலோர் ஸ்டார் போயிருந்தேன். அந்த ஆபீஸ்ல இருக்கிற அம்மா சொன்னாங்க, நீங்க போன வருஷம் அங்க...”

அவர் என்னை முடிக்கவிடவில்லை.

“எந்த ஆபீஸு? நான் போகலியேம்மா.”

“இல்லண்ணே, அக்கா சீட்டெல்லாம் எடுத்துக்கிட்டு...”

“நான் அலோர் ஸ்டார் பக்கம் போயே பல வருஷமாச்சு தங்கச்சி. வேற யாராச்சும் இருக்கும். அந்த அம்மா மாத்தி நெனச்சிருப்பாங்க.”

என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார். இருபது வருஷம் மேடையில் நடித்த மனிதர். அன்றைக்கு அவருக்கு நடிப்பு வரவில்லை. விரல் நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு வழி திறந்து விட்டிருந்தார். அந்த வழியாகப் போகாமல், இல்லை அண்ணே, நீங்கள்தான் போனீர்கள், பொய் சொன்னவள் நான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு வந்தது நிம்மதி. வெட்கம் கெட்ட நிம்மதி.

“அப்படித்தாண்ணே இருக்கும். அவங்க மாத்திச் சொல்லியிருப்பாங்க,” என்றேன்.

மகள் வேலையிலிருந்து திரும்பி வந்து, எனக்குக் கொடுத்தனுப்ப நெத்திலியைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“இந்த வருஷம் யாரு செய்றது?” என்று கேட்டார். யூதாஸ் என்று சொல்லவில்லை.

“இன்னும் ஆள் கெடைக்கலண்ணே.”

“அப்படியா,” என்றார்.

நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்தார். கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். கேட்டால், ஏன் இந்த வருஷம் மட்டும் முடியும் என்று சொல்லவேண்டி வரும். அவர் காப்பாற்றிக் கொடுத்த என் முகத்தை நானே உடைக்கவேண்டி வரும்.

அவர் காத்திருந்தார். நான் நெத்திலிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, போயிட்டு வரேண்ணே என்று எழுந்தேன்.